700 தங்கத்துக்கு என்ன வரும் என்று தெரிந்த காலம்

நடுவர் ஐயா, எதிரணி அண்ணன்மார்களே, பூப்பறிக்கிற நோம்பியன்றைக்குப் பூப்பறிக்கப் போகாமல் இந்த மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க.

‘ஹார்த்ஸ்டோன் விளையாட்டின் பொற்காலம் எது? சாகசக் காலமா, பெருந்தொகுப்புக் காலமா?’ இதுதான் தலைப்பு. ஹார்த்ஸ்டோன் என்பது கம்ப்யூட்டரிலும் கைப்பேசியிலும் இரண்டு பேர் மோதும் சீட்டாட்டம். 2014-லிருந்து 2016 வரை சாகசக் காலம். 2017-லிருந்து பெருந்தொகுப்புக் காலம். கார்டு கைக்கு வந்த வழியை வைத்து இட்ட பெயர்கள் இவை, போகப் போகச் சொல்கிறேன். நான் சாகச அணி. அந்த மூன்று வருடத்திலும் எனக்கு ஒரு செல்லப்பிள்ளை உண்டு. 2015 தீபாவளி வாரத்தில் தொடங்கி அடுத்த ஐந்தாறு மாதம் ஓடியதே, லீக் ஆஃப் எக்ஸ்ப்ளோரர்ஸ், அதுதான்.

எதிரணித் தலைவர் பேசும்போது எங்களைப் பார்த்து, “இவங்களுக்கு எப்பப் பார்த்தாலும் பழமை பேசறதே பொழப்பு” என்றார். கைதட்டும் வாங்கினார். அண்ணா, மதுரை மேடையில் சொல்லியிருந்தால் அது திட்டு. நீங்கள் சொன்னது கோயமுத்தூரில். இங்கே பழமை என்றால் உட்கார்ந்து பேசுகிற பேச்சு. “வாங்க, சித்த பழமை பேசிட்டுப் போலாம்” என்றுதானே நம்ம வீட்டு வாசலில் கட்டிலை இழுத்துப் போடுகிறோம்? ஆமாங்க, நான் பழமை பேசுகிறவன்தான். ஒரு விளையாட்டைப் பற்றி நாலு பேர் சமமாக உட்கார்ந்து பழமை பேச முடிந்த காலம் எதுவோ, அதைத்தான் பொற்காலம் என்கிறேன்.

நடுவர் ஐயா இந்த விளையாட்டை ஆடியதில்லை, ஆனால் ரம்மியில் கை தேர்ந்தவர் என்று கேள்விப்பட்டேன். அதனால் ரம்மியை வைத்தே சொல்லிவிடுகிறேன். ரம்மியில் கட்டு பொது. கை ராசி மட்டும்தான் வேறு. ஹார்த்ஸ்டோனில் அவரவர் கட்டை அவரவரே கட்டிக்கொண்டு வர வேண்டும். 30 கார்டு. ஒரே கார்டு இரண்டு வரை வைக்கலாம், லெஜண்டரி என்கிற அரிய வகை என்றால் ஒன்றுதான். இரண்டு பேருக்கும் உயிர் 30. முதல் திருப்பத்தில், அதாவது உன் முறை முதலில் வரும்போது, கார்டு இறக்கச் செலவழிக்க 1 மானா, அடுத்ததில் 2, இப்படியே 10 வரை ஏறும். எதிராளியின் 30-ஐ பூஜ்யமாக்கினால் வெற்றி. 2014 மார்ச்சில் கம்ப்யூட்டருக்கு வந்தது, 2015 ஏப்ரலில் கைப்பேசிக்கு வந்தது. ஆட்டம் அவ்வளவுதான். வம்பெல்லாம் கார்டு எங்கிருந்து வருகிறது என்பதில்தான்.

அது வருவதற்கு அன்றைக்கு முக்கியமாக இரண்டு வழி இருந்தது. ஒன்று பேக். 100 தங்கம் கொடுத்தால் ஐந்து கார்டு உள்ள பொட்டலம். தங்கம் என்றால் நகைத் தங்கம் இல்லீங்க, ஆடிச் சேர்க்கும் விளையாட்டுக் காசு. உள்ளே என்ன என்று பிரித்தால்தான் தெரியும். இன்னொன்று சாகசம். 2014-ல் நாக்ஸ்ராமாஸ், 2015-ல் பிளாக்ராக் மவுண்டன், அப்புறம் நம்ம லீக். ஒரு பகுதிக்கு 700 தங்கம். உள்ளே இருக்கும் வில்லன்களை ஒவ்வொருவராக ஜெயித்தால் இன்ன இன்ன கார்டு உனக்கு என்று முன்கூட்டியே எழுதி ஒட்டியிருக்கும். லீக்கில் நான்கு பகுதி, மொத்தம் 45 கார்டு. 2,800 தங்கம் சேர்த்தவன் எவனாக இருந்தாலும் அவனிடம் அதே 45 இருக்கும்.

இந்தக் கூட்டத்தில் சீட்டுப் போடாதவர் யாராவது இருக்கிறீர்களா? நான் ஏலச்சீட்டைச் சொல்கிறேன். மாசா மாசம் கட்டுகிறோம், தள்ளி எடுக்கிறோமோ கடைசியில் எடுக்கிறோமோ, கையில் என்ன வரும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. சாகசம் அந்த மாதிரி சீட்டு. பேக் லாட்டரி. லாட்டரியை 2003-லேயே தமிழ்நாட்டில் நிறுத்தியாகிவிட்டது. எதிரணி அண்ணன்மார் அதைப் பொற்காலம் என்று மண்டபம் பிடித்துப் பேசுகிறார்கள்.

“உங்க காலத்துலயும் பேக் இருந்துச்சே” என்று எழுந்திருக்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். இருந்தது. 2015-ல் வந்த புதுக் கார்டு 208. அதில் தி கிராண்ட் டோர்னமென்ட் என்ற பேக் தொகுப்பு மட்டும் 132. மீதி 76 சாகசத்தில் வந்தவை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிச்சயமாகக் கைக்கு வரும் கார்டு. 2017-ல் என்ன ஆயிற்று? சாகசம் நின்றது. வருடத்துக்கு மூன்று பெருந்தொகுப்பு, எல்லாம் பேக்கில் வருகிறவை, ஒவ்வொன்றிலும் 135, ஆக 405. ஒன்றிரண்டை இனாமாகக் கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. கல்யாண வீட்டில் தாம்பூலப் பையும் இனாம்தான், அதை வைத்து உலை வைக்க முடியாது.

அதே 2017-ல் சீனாவில் ஒரு விதி வந்தது. இந்த மாதிரிப் பொட்டலங்களில் எது எவ்வளவு விழும் என்று வெளியே சொல்ல வேண்டும் என்று. சொன்னார்கள். சராசரியாக 20 பேக்குக்கு ஒரு லெஜண்டரி. நம்ம ஊர் கணக்குப் போடுங்க. 20 பேக் என்றால் 2,000 தங்கம். ஆட்டத்துக்குள்ளே தருகிற அன்றாட வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி அன்றைக்கு 40 தங்கம். ஐம்பது நாள் ஆடினால் ஒரு லெஜண்டரி, அதுவும் அந்தத் தொகுப்பில் உள்ள 23-ல் எதுவோ ஒன்று. வேண்டாததாக விழுந்தால்? உடைத்துத் தூளாக்கலாம், 400 தூள் கிடைக்கும். வேண்டியதைச் செய்ய 1,600 தூள் வேண்டும். நாலு வளையலைக் கொடுத்தால் உருக்கி ஒரு வளையல் செய்து கொடுக்கிறேன் என்று ஒரு ஆசாரி சொன்னால், நம்ம அம்மணிகள் அந்தக் கடைப் படியை மிதிப்பார்களா?

எங்கள் காலத்தில் 18 நாள் கூலியில் லீக்கின் முதல் பகுதியை வாங்கினால் ரெனோ ஜாக்சன் என்ற லெஜண்டரி கைக்கு வந்தான். ஒரு கோயில் இடிந்து விழுகிறது, பத்துத் திருப்பம் உயிரோடு தாக்குப்பிடித்தால் வெளியே வரலாம், அந்த ஓட்டமும் அதே பகுதியில்தான். அந்த ரெனோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும்.

ரெனோவுக்கு விலை 6 மானா. உன் கட்டில் எந்தக் கார்டும் இரண்டாக இல்லை என்றால், இறக்கிய உடனே உன் உயிரை முழுசாக நிரப்பிவிடுவான். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 30-ம் ஒற்றையாக இருக்கும் கட்டு யாருக்கு இயல்பாக அமையும்? ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்க வக்கில்லாதவனுக்குத்தான். அதுவரை ஏழையின் கட்டு என்று சிரித்தார்கள். ஒரே வாரத்தில் அதற்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

அப்போது நான் திருப்பூரில் கட்டிங் செக்‌ஷனில் வேலை பார்த்தேன். அனுப்பர்பாளையத்தில் ஒரே அறையில் மூன்று பேர். ஒன்றரை ஷிப்ட் முடித்து, சாப்பிட்டு, பாயை விரித்தால் பத்து மணி. தீபாவளிக்கு ஊரே காலியாகி, போனவர்கள் இன்னும் திரும்பாத வாரம் அது. ஜியோ வராத காலம், நெட் காசைப் பார்த்துப் பார்த்துத்தான் செலவு செய்வோம். அப்டேட் வந்தால் போனில் இடம் பத்தாது. என் தங்கச்சி வளைகாப்புப் போட்டோவை அழித்துத்தான் லீக்கை இறக்கினேன். இன்றைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது, இங்கே அவள் வரவில்லை என்கிற தைரியத்தில் சொல்கிறேன்.

அந்த வாரத்தில் ஒரு ராத்திரி ஆட்டம். எதிராளி எடுத்திருந்தது ஹண்டர் என்ற வேட்டைக்கார வீரனை. 2 மானா கொடுத்தால் நேராக முகத்தில் 2 அடி அடிக்கும் வில் அவனுக்கு எப்போதும் உண்டு. என் உயிர் 2. அவன் முறை வந்தால் கதை முடிந்தது. என் கையில் ரெனோ இருக்கிறான், ஆனால் ஓரம் பச்சையாகத்தான் ஒளிர்கிறது. பச்சை என்றால் இறக்கலாம், ஒன்றும் நடக்காது. நிபந்தனை நிறைவேறினால்தான் மஞ்சள். ஏன் மஞ்சளாகவில்லை? முப்பதாவது இடத்துக்கு உருப்படியான கார்டு இல்லாமல், ஜோம்பி சௌ என்ற 1 மானா கார்டிலேயே மூன்றை, ச்சே, இரண்டை வைத்திருந்தேன். பதற்றத்தில் அன்றைக்கும் இப்படித்தான் எண்ணினேன். இரண்டும் இன்னும் கட்டுக்குள்ளே கிடக்கின்றன. ரெனோ எண்ணுவது கட்டில் மீதி இருப்பதை மட்டும்தான். ஒரு சௌ வெளியே வந்துவிட்டால் போதும்.

ஏழாவது திருப்பம். கார்டு புரண்டு வருகிறது. ஜோம்பி சௌ! தோற்கப் போகிற நேரத்தில் யாரும் விரும்பாத கார்டு. நான் தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்துப் பாயில் படுத்திருந்தவன்தான் போனைப் பிடுங்கி, “டேய், ஓரத்தைப் பார்றா, மஞ்ச!” என்று கத்தினான். அதற்குள் நேரம் முடிவதைக் காட்டும் திரி பலகையின் நடுவில் எரிந்துகொண்டே வருகிறது. ரெனோவை இழுத்து இறக்கினேன். பணக்காரன் ஆகப்போகிறோம் என்று அவன் கூவினான், 2 என்றிருந்த எண் 30 ஆயிற்று. மிச்சம் 1 மானா இருந்தது, சௌவையும் இறக்கிவிட்டேன். எதிராளி கொஞ்ச நேரம் ஒன்றுமே செய்யவில்லை. அப்புறம் ஆட்டத்தை விட்டே போய்விட்டான். கீழே வீட்டுக்கார ஆத்தா, “சாமத்துல என்னங்கடா கூத்து?” என்று சத்தம் போட்டது.

மறுநாள் கட்டிங் டேபிளில் நின்றுகொண்டு மூன்று பேரும் இதைத்தான் பேசினோம். ரெனோவுக்காக எதை ஒற்றையாக்குவது, எதைத் துணிந்து இரண்டாக வைப்பது என்று. மூன்று பேரிடமும் ரெனோ இருந்ததால்தான் அந்தப் பேச்சு நடந்தது. பெருந்தொகுப்பு வந்த பிறகு எங்களுக்குள் பேச்சு எப்படிப் போயிற்று தெரியுங்களா? “உனக்கு என்ன விழுந்துச்சு?” “அது விழுந்துச்சு.” “ஓ.” அவ்வளவுதான். அந்த ‘ஓ’வுக்கு மேல் பழமை எங்கே பேசுவது?

எதிரணி இன்னும் சில கணைகளை விட்டார்கள். உங்கள் காலத்தில் ஆறாவது திருப்பத்தில் மிஸ்டீரியஸ் சேலஞ்சர், ஏழில் டாக்டர் பூம், எட்டில் டிரியன், பாலடின் என்ற வீரனை எடுத்து ஆடுகிறவன் எல்லாரும் தூக்கத்தில்கூட இதைத்தானே இறக்கினான் என்றார்கள். உண்மைங்க. டாக்டர் பூமைப் பார்த்துப் பார்த்து எனக்கே சலித்தது. ட்ரூயிட் என்ற இன்னொரு வீரன் காலி பலகையில் 9 மானாவுக்கு 14 அடி அடித்ததையும் நான் மறக்கவில்லை. 2017 ஏப்ரலில் வந்த அன்கோரோ என்ற பெருந்தொகுப்பில் ஆட்டம் இதைவிடச் சமநிலையாக இருந்தது என்று சொன்னால், அதையும் கொடுத்துவிடுகிறேன். ஆடுகளம் சமமாக இருந்தது. ஆட வந்தவன் பை சமமாக இல்லை.

அந்த வருடமே இருக்கிற லெஜண்டரி திரும்ப விழாதபடி மாற்றினார்களே என்றார் இரண்டாவதாகப் பேசிய அண்ணன். நல்ல மாற்றம். லாட்டரிச் சீட்டில் ஒரே நம்பர் இரண்டு தடவை தராமல் பார்த்துக்கொள்வது நல்லதுதானே.

கடைசியாக ஒன்று. “2021-ல் கிளாசிக் என்று பழைய ஆட்டத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள், யாரும் தங்கவில்லை, 2023-ல் மூடிவிட்டார்கள், அதோடு உங்கள் வாதம் முடிந்தது” என்றார்கள். அவர்கள் திருப்பிக் கொடுத்தது 2014 நடுவில் இருந்த ஆட்டம். நாக்ஸ்ராமாஸ்கூட அதில் கிடையாது. சாகசம் இல்லாத கிளாசிக்கைக் காட்டிச் சாகசக் காலம் தோற்றது என்பது, அரிசியும் பருப்பும் இல்லாமல் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு, உங்க ஊர் அரிசிம்பருப்பு சாதம் ருசியில்லை என்பது மாதிரி.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில், காட்சிப் போட்டியாக வைத்த ஹார்த்ஸ்டோனில் குஜராத்தின் தீர்த் மேத்தா நம் நாட்டுக்கு வெண்கலம் வாங்கினார். அது எங்கள் காலத்து வெற்றி என்று எதிரணி மார்தட்டியது. வாங்கியது தீர்த் மேத்தா. அவருக்கு இரண்டு அணியும் சேர்ந்து கை தட்டுவோம். அந்தப் பதக்கத்தைப் பேக் உடைத்து எடுத்த மாதிரி எதிரணி பேசுவதற்குத்தான் நான் கை தட்ட மாட்டேன்.

நடுவர் ஐயா, மணியில் கை வைத்துவிட்டீர்கள், ஒரே ஒரு சாட்சியை மட்டும் காட்டிவிட்டு உட்காருகிறேன். அனுப்பர்பாளையம் அறையில் பக்கத்துப் பாயில் படுத்திருந்து, என் போனைப் பிடுங்கி, “ஓரத்தைப் பார்றா, மஞ்ச!” என்று கத்தி ஆத்தாவிடம் திட்டு வாங்கிக் கொடுத்தவர், இதோ, எதிரணித் தலைவராக உட்கார்ந்திருக்கிறார். அந்த வாரம் முழுக்க எத்தனை மணிக்குத் தூங்கினார் என்று அவரையே கேளுங்க.