ஒப்புக்கொடுத்த பிறகும் மனசு ஏன் அடங்கவில்லை?

அடுத்த கேள்வியை ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார்கள். அப்படியே வாசிக்கிறேன். “என் மகன் வேலைக்காக வெளியூர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆலயத்துக்குப் போவதில்லை. எங்களிடமும் சரியாகப் பேசுவதில்லை. அவனைக் கர்த்தர் கையில் ஒப்புக்கொடுத்துவிட்டேன் என்று தினமும் ஜெபிக்கிறேன். ஆனால் முழங்காலிலிருந்து எழுந்ததுமே பயம் திரும்ப வந்துவிடுகிறது. அப்படியானால் நான் ஒப்புக்கொடுத்தது பொய்யா? உண்மையாக ஒப்புக்கொடுத்தால் நான் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டுமா?”

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நாம் நிறையப் பேர் தடுமாறுவது அங்கேதான்.

நீங்களும் ஒரு தாய். அதனால் மோசேயின் தாயைப் பாருங்கள். யாத்திராகமம் 2-ஆம் அதிகாரம். பிறக்கும் ஆண் பிள்ளைகளையெல்லாம் நதியில் போட்டுவிட வேண்டும் என்பது எகிப்து ராஜா பார்வோனின் கட்டளை. அந்த அம்மா மூன்று மாதம் பிள்ளையை ஒளித்து வைக்கிறாள். எபிரெயர் 11:23 அந்த ஒளித்து வைத்ததையே விசுவாசம் என்கிறது, கவனித்தீர்களா? அப்புறம் ஒளிக்க முடியாமல் போகிறது. ஒரு நாணற்பெட்டியை எடுக்கிறாள், தண்ணீர் உள்ளே போகாதபடி பிசினும் கீலும் பூசுகிறாள், பிள்ளையை அதில் கிடத்தி நதியோரத்து நாணலுக்குள்ளே வைக்கிறாள். எந்த நதி? பிள்ளைகளை விழுங்கிக்கொண்டிருந்த அதே நதி! பூசுவது வரைக்கும் அவள் வேலை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், குளிக்க யார் வருவார்கள், பெட்டியைத் திறக்கிறவளின் மனசு இரங்குமா, இதெல்லாம் அவள் கையில் இல்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தால் பிள்ளையோடு அவளும் மாட்டியிருப்பாள்.

ஆகவே, சகோதரி, மகனுக்குப் போன் பண்ணுங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அது கீல் பூசுகிற வேலை. “ஆலயத்துக்குப் போனாயா, ஏன் போகவில்லை” என்று ஒவ்வொரு தடவையும் விசாரணை வைப்பது, அவன் நண்பர்களிடம் ரகசியமாக விசாரிப்பது, இதெல்லாம் பெட்டியை விடாமல் பிடித்துக்கொள்கிற வேலை. கொஞ்சம் கடினமாகச் சொல்கிறேனோ? நானும் ஒரு பிள்ளைக்குத் தகப்பன், இந்தத் தப்பைச் செய்தவன்தான். ஆமென் சொல்லி முடித்த கையோடு போனை எடுத்து, பதில் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

1 பேதுரு 5:7 நமக்கெல்லாம் மனப்பாடம். “அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்.” அங்கே ‘வைத்துவிடுங்கள்’ என்பதற்கு வருகிற கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. லூக்கா 19:35. கழுதைக்குட்டியின்மேல் சீஷர்கள் தங்கள் வஸ்திரங்களைப் போட்டார்களே, அந்தப் ‘போட்டார்கள்’. தோளில் கிடந்ததை எடுத்து வேறொன்றின் முதுகில் போடுகிற சாதாரண வேலை அது. ஆனால் அதற்கு முந்தின வசனத்தை நாம் மனப்பாடம் செய்வதில்லை. “அவருடைய பலத்த கைக்குள் அடங்கியிருங்கள்” என்கிறது. கவலையை இறக்கி வைப்பதற்கும் தாழ்மைக்கும் சம்பந்தம் இருக்கிறது. என் பிள்ளையை என்னைவிட நன்றாக யாராலும் பார்த்துக்கொள்ள முடியாது என்ற எண்ணம் பாசம் போலத்தான் தெரியும். உள்ளே கொஞ்சம் பெருமையும் உட்கார்ந்திருக்கும்.

இப்போது முதல் கேள்வி. பயம் திரும்பி வந்தால் ஒப்புக்கொடுத்தது பொய்யா? இல்லை. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் இயேசு எத்தனை தரம் ஜெபித்தார்? மூன்று தரம். மூன்றாம் தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு 26:44-ல் இருக்கிறது. “என் சித்தத்தின்படியல்ல” என்று முதல் தரமே சொல்லிவிட்டார். ஆனாலும் திரும்பப் போய் ஜெபித்தார். அவருக்கே அப்படியென்றால், நீங்கள் ஒரு நாளில் முப்பது தரம் சொல்ல வேண்டியிருந்தால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பயம் வரும்போதெல்லாம் மறுபடியும் எடுத்துப் போடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெட்டியைத் திறந்த பார்வோனின் மகள் வழியாகவே மோசேயின் தாய்க்குப் பிள்ளை திரும்பக் கிடைத்தான், வளர்ப்பதற்குச் சம்பளமும் கிடைத்தது. ஆனால் கெத்செமனேயில், நீங்க வேண்டும் என்று ஆண்டவர் கேட்ட அந்தப் பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. அப்போஸ்தலன் பவுலும் ‘மாம்சத்தில் முள்’ என்று தான் சொன்ன வேதனை நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை. ஒப்புக்கொடுத்தால் நினைத்ததெல்லாம் நடக்கும் என்று யாராவது பிரசங்கித்தால் நம்பாதீர்கள். அதே பவுல் கட்டுண்ட நிலையில் எழுதியதுதான் பிலிப்பியர் 4:7. தேவசமாதானம் உங்கள் இருதயங்களைக் “காத்துக்கொள்ளும்” என்கிறார். அது காவல்படை ஒரு பட்டணத்தைக் காப்பதற்குச் சொல்லும் சொல். பக்கத்திலேயே காவலாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்தச் சொல் வந்ததில் ஆச்சரியம் இல்லை. சிறைக்கதவு திறந்த பிறகு வந்த சமாதானத்தைப் பற்றி அவர் எழுதவில்லை.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை. சூரைச்செடியின்கீழ் சாக வேண்டும் என்று படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்க விட்டான்.

சகோதரி, இன்று ராத்திரி ஜெபத்தில் மகன் பெயரைச் சொல்லி, உங்களுக்கு இருக்கிற பயத்தையும் பெயர் சொல்லியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். நாளைக்கு அவன் எடுத்தால், ஆலயம் பற்றிக் கேட்காமல் ஒரே ஒரு தடவை பேசிப் பாருங்கள். சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.