தெரு நாய் மீது வெந்நீர் ஊற்றினால் வெறும் ஐம்பது ரூபாய்தானா?

வணக்கம். இந்த வாரக் கேள்விகளில் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா அனுப்பியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான்கு நிமிடம் குரல் பதிவு. நடுவில் அழுதுவிட்டார். சுருக்கிச் சொல்கிறேன்.

அவர்கள் தெருவில் ரோஸி என்று ஒரு பெண் நாய். சொந்தக்காரர் என்று யாரும் கிடையாது, நான்கைந்து வீடுகளில் சோறு வைக்கிறார்கள். மாநகராட்சி வண்டியில் போய்க் கருத்தடை செய்துகொண்டு, காது நுனியில் வெட்டு அடையாளத்தோடு திரும்பி வந்த நாய். போன மாதம் ஒரு வீட்டு வாசலில் படுத்திருந்தபோது, அந்த வீட்டுக்காரர் ஒரு குண்டான் வெந்நீரை அதன் மேல் ஊற்றிவிட்டார். முதுகுத் தோல் உரிந்து தொங்கியது. அம்மா ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் மருந்து போட்டுக் காப்பாற்றியிருக்கிறார். பிறகு ஸ்டேஷனுக்குப் போனால், "கோர்ட்டுக்குப் போனாலும் ஐம்பது ரூபாய் ஃபைன் கட்டிவிட்டு வந்துவிடுவார், உங்களுக்கு எதற்கம்மா அலைச்சல்?" என்று அனுப்பிவிட்டார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் வேறு, "சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது, தெரு நாய்க்குச் சோறு வைப்பதே தப்பு" என்கிறாராம். தெரு நாய்க்குச் சட்டம் உண்டா, இல்லை வீட்டு நாய்க்கு மட்டும்தானா என்பது அவர் கேள்வி.

அம்மா, ஐம்பது ரூபாய் என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் வருடத்தது. அதன் 11ஆவது பிரிவில் அடிப்பது, உதைப்பது, வதைப்பது, பட்டினி போடுவது, வளர்த்த பிராணியைத் தெருவில் விட்டுவிட்டுப் போவது எல்லாம் குற்றம். முதல் தடவை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. மூன்று வருடத்துக்குள் அதே ஆள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் வந்த காலத்தில் ஒரு சவரன் தங்கம் நூறு ரூபாய்க்குள் இருந்தது. அப்போது ஐம்பது ரூபாய் என்பது அரைச் சவரனுக்கு மேல். இன்றைக்குப் பர்மா பஜார் பக்கம் முட்டையோடு ஒரு தட்டு அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட அந்தப் பணம் போதுமா பாருங்கள். இன்னொரு வேடிக்கை, சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சியில் லைசென்ஸ் எடுக்கக் கட்டணமும் அதே ஐம்பது ரூபாய்தான். லைசென்ஸ் எடுக்காவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025இல் அறிவித்தார்கள். அதாவது நாய்க்குக் காகிதம் இல்லையென்றால் ஐயாயிரம், அதே நாயை உதைத்தால் ஐம்பது.

ஆனால் என்னைக் கேட்டால் இந்த ஐம்பது ரூபாய் இரண்டாவது பிரச்சினைதான். முதல் பிரச்சினையை யாரும் பேசுவதில்லை. போலீஸ் தானாகவே எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்கக்கூடிய குற்றத்தை வக்கீல்கள் நாங்கள் காக்னிசபிள் என்போம். மாஜிஸ்டிரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாதது நான்-காக்னிசபிள். இந்தச் சட்டத்தில் காக்னிசபிள் என்று இருப்பவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். கொடூரமாகக் கொல்வதும் உறுப்பைச் சிதைப்பதும் அதில் வரும். வெறுமனே அடிப்பது, வதைப்பது வராது. ஆக, ஸ்டேஷனில் உங்களைத் திருப்பி அனுப்பினார்களே, அதில் அவர்கள் அலட்சியம் பாதி, சட்டத்தின் ஓட்டை பாதி. அபராதத்தை நாளைக்கே ஐம்பதாயிரம் ஆக்கினாலும், புகாரை எழுதி வாங்கவே வழியில்லை என்றால் அந்த ஐம்பதாயிரத்தை யார் கட்டப்போகிறார்கள்?

அதனால்தான் நான் எப்போதும் இன்னொரு சட்டத்தையும் பார்க்கச் சொல்வது. பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் 325ஆவது பிரிவு. எந்த விலங்கையும் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது, பயனற்றதாக ஆக்குவது எல்லாம் ஐந்து வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். முக்கியமாக, இது காக்னிசபிள். ஜாமீன் கிடைக்கும், ஆனாலும் எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும்.

இதற்கு முன்பு இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் இதே குற்றம் 428, 429 என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. 428இல் விலங்கின் மதிப்பு பத்து ரூபாயாவது இருக்க வேண்டும். 429இல் மாடு, எருமை, குதிரை, யானை மாதிரி என்றால் மதிப்பு பார்க்க மாட்டார்கள், மற்றதென்றால் ஐம்பது ரூபாய் பெற வேண்டும். ஏட்டில் இருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் நடந்தது. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் ஒரே ராத்திரியில் ஏழு நாய்கள் செத்துக் கிடந்தன. யாரோ இறைச்சித் துண்டில் எதையோ கலந்து வைத்திருக்கிறார்கள். எனக்கு போன் வந்து நான் போவதற்குள் குப்பை வண்டியில் ஆறு உடல்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே மீன் விற்கிற ஒரு ஆயா, வயது எழுபதுக்கு மேல் இருக்கும், அது மட்டும் ஒரு குட்டியை எடுத்து, மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டியில் மேலும் கீழும் ஐஸ் போட்டு மூடி வைத்திருந்தது. "கெட்டுப்போனா டாக்டருக்கு ஒண்ணும் தெரியாதுல்ல வக்கீலு" என்றது. மீனுக்குத் தெரிந்த கணக்கு அது. சட்டம் படித்த எனக்கு அந்த நேரத்தில் அது தோன்றியிருக்குமா என்றால், தெரியவில்லை. அந்தப் பெட்டியோடுதான் பிரேதப் பரிசோதனைக்குப் போனோம்.

அப்புறம் ஸ்டேஷன். அங்கே இருந்தவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு என்னிடம் கேட்டார், "இந்தக் குட்டி பத்து ரூபாய் பெறும் என்பதற்கு ரசீது வைத்திருக்கிறீர்களா சார்?" கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். சட்டம் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆயா இடுப்புச் சுருக்குப் பையைத் திறந்து ஒரு பத்து ரூபாய்த் தாளை மேஜை மேல் வைத்தது. எஃப்.ஐ.ஆர். விழுந்தது. யார் செய்தது என்று கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை, அது வேறு கதை.

அந்தப் பத்து ரூபாய், ஐம்பது ரூபாய்ப் பேச்சு இப்போது 325இல் கிடையாது. தெரு நாய்க்கு விலை என்ன என்று இனிமேல் யாரும் கேட்க முடியாது. இது நல்ல மாற்றம். ஆனால் இன்னும் அந்தப் பிரிவு சொத்துக்குச் சேதம் விளைவிப்பது என்கிற குடும்பத்துக்குள்ளேயேதான் உட்கார்ந்திருக்கிறது. சுவரை இடிப்பதும் நாயின் காலை உடைப்பதும் பக்கத்துப் பக்கத்துப் பிரிவு. எதிர்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர் என்றால், "தெரு நாய் யாருடைய சொத்து, யாருக்கு நஷ்டம்?" என்று கிளப்புவார். ஆகவே புகாரில் இரண்டு சட்டத்தையும் சேர்த்தே எழுதுங்கள். மிருகவதைச் சட்டத்தில் இந்தச் சிக்கல் இல்லை. மனிதர் தவிர எந்த உயிரினமும் அதில் விலங்குதான். வீட்டு நாய், தெரு நாய், காசிமேட்டுப் பூனை, பந்தயப் புறா எல்லாம் ஒன்று. காலையில் சைக்கிள் ஹேண்டில்பாரில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுபோகிற கோழி இருக்கிறதே, அதுவும் இதே 11ஆவது பிரிவுதான். ரோஸிக்காகப் பேசுகிற நாம் அந்தக் கோழியைப் பார்த்து ஒதுங்கி வழிவிடுகிறோம். சரி, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

புதுச் சட்டத்தில் ஒன்று காணாமலும் போயிருக்கிறது. விலங்குகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்குவது பழைய 377ஆவது பிரிவில் வந்தது. அதற்கு ஈடாக எதையும் புதிதில் வைக்கவில்லை. கடுமையான சட்டம் வேண்டும் என்று கேட்பவர்கள் அபராதத் தொகையோடு இதையும் கேட்க வேண்டும்.

திருத்தவே முயலவில்லை என்றும் சொல்ல முடியாது. 2014இல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமே இந்தத் தண்டனை போதாது என்று சொன்னது. 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு வரைவு வெளியிட்டது. அதில் கொடூர வதை என்று தனியாக ஒரு வகை, அதற்கு 50,000 முதல் 75,000 ரூபாய் வரை அபராதமோ ஒன்று முதல் மூன்று வருடம் வரை சிறையோ, கொன்றால் ஐந்து வருடம் வரை என்றெல்லாம் இருந்தது. கருத்துக் கேட்டார்கள், அதோடு நிற்கிறது. இந்தச் சட்டத்துக்கு விதை போட்டதே நம் ஊர்க்காரர், கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி. மாநிலங்களவையில் அவர் தனிநபர் மசோதா கொண்டுவந்து, அரசே கொண்டுவரும் என்று நேரு சொன்னதால் திரும்பப் பெற்றார். அதிலிருந்து வந்ததுதான் 1960 சட்டம். விலங்கு நல வாரியமும் 2018 வரை திருவான்மியூரில்தான் இருந்தது, பிறகு ஹரியானாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இப்போது பக்கத்து வீட்டுக்காரர் விஷயம். அவர் சொல்வதில் கால் பங்கு உண்மை. 2025 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, கருத்தடையும் தடுப்பூசியும் போட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் விடக் கூடாது என்று. தெருவில் கண்ட இடத்தில் சோறு வைக்கக் கூடாது, அதற்கென்று உள்ளாட்சி அமைப்பு இடம் ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. நவம்பர் 7இல் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாயைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்றது. அதனால் நீங்கள் செய்ய வேண்டியது, தண்டையார்பேட்டை மண்டல அலுவலகத்தில் உங்கள் தெருவுக்கு ஓர் இடம் ஒதுக்கித் தரச் சொல்லி மனு கொடுப்பது. அவர் வீட்டு வாசலில் தட்டு வைக்காதீர்கள். அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கலாம். 2023 நவம்பரில் ராயபுரத்தில் ஒரே நாய் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கடித்து, பிறகு அதற்கு வெறிநோய் என்று தெரிந்ததை நம் ஏரியாவில் யாரும் மறக்கவில்லை. அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குண்டான் வெந்நீருக்கு எந்தத் தீர்ப்பும் அனுமதி தரவில்லை.

சரி, ரோஸிக்கு வருவோம். வேப்பேரியில் தந்த சீட்டில் 'தீக்காயம்' என்று மட்டும் இருந்தால் போதாது. எந்த இடம், எவ்வளவு ஆழம், கொதிநீரால் ஏற்பட்டதாக இருக்கலாமா, நிரந்தரப் பாதிப்பு உண்டா என்று காயச் சான்று எழுதி வாங்குங்கள். நிரந்தர ஊனம் என்று டாக்டர் எழுதினால்தான் 325 நிற்கும். வெறும் காயம் என்றால் ஊனமா இல்லையா என்று வாதம் வரும், அப்போது 11ஆவது பிரிவுதான் கை கொடுக்கும். தெருமுனைக் கடையில் கேமரா இருந்தால் உடனே கேளுங்கள், அந்தப் பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும், போயே போயிருக்கலாம். புகாரை எழுத்தில் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். வாங்க மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் துணை ஆணையருக்கு அனுப்புங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்டிரேட்டிடம் போகலாம். வீடியோ எடுத்து, வெந்நீர் ஊற்றியவர் முகத்தோடு ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். அப்புறம் அவர் உங்கள் மேல் கேஸ் போடுவார், நான் இரண்டு கேஸ் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். 11ஆவது பிரிவுப்படி வழக்கு தொடர மூன்று மாதம்தான் கெடு. சம்பவம் நடந்து நாற்பது நாள் ஆகிவிட்டது என்று பதிவில் சொல்கிறீர்கள். அப்படியென்றால் உங்களிடம் மீதி ஐம்பது நாள்தான். ஸ்டேஷனுக்கு ரோஸியையும் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அம்மா. போட்டோ போதும், தேதி தெரிகிற மாதிரி எடுங்கள்.