டீச்சரும் ஆயாவும் பேசிக்கொள்ள வேண்டும்

(அங்கன்வாடிப் பணியாளர்கள், உதவியாளர்கள் பயிற்சிக் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். உள்ளே வரும்போதே பார்த்தேன், முன் வரிசை முழுக்க டீச்சர்கள், கடைசியில் சுவர் ஓரமாக ஆயாக்கள். தயவுசெய்து எழுந்து, அவரவர் மையத்து ஆளோடு பக்கத்தில் உட்காருங்கள், நான் காத்திருக்கிறேன்.

சரி. நான் மேற்பார்வையாளராக இருந்தபோது ஒரு மையத்துக்கு எடை போடும் நாளில் போயிருந்தேன். மூன்று வயதுப் பையன், தராசில் தொங்கவிட்டால் போன மாதத்தைவிட முக்கால் கிலோ குறைவு. டீச்சர் பதறிப்போய் தராசைச் சரிபார்த்து மறுபடி போடுகிறார், அதே எடைதான். அடுப்படியில் ஆயா முட்டை உரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய்க் கேட்டேன். "அவங்க அம்மாவுக்கு ஆபரேஷன்மா, பதினஞ்சு நாளா பெரியாஸ்பத்திரியில இருக்கு. வீட்ல பாட்டி மட்டும்தான். காலைல வெறும் வரக்காப்பி குடிச்சிட்டு வர்றான்" என்றார்.

பதினைந்து நாளாக அவருக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியாது. ஏன் என்றால் ஒரு மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சாமான் அறையில் பருப்பு அளவு குறைந்துபோச்சு என்று தாய்மார்கள் முன்னால் டீச்சர் சத்தம் போட்டு, சாவியை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து ஆயா வாயைத் திறக்கவில்லை. சண்டை சாவிக்காக, எடை குறைந்தது பிள்ளைக்கு.

நம் அங்கன்வாடிகளை நடத்துகிற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. அதில் சத்துணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, முன்பருவக் கல்வி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே வருகின்றன, ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே தினமும் இருப்பது நீங்கள் இரண்டே பேர். டீச்சருக்குப் பதிவேடு, செல்போன் செயலி, கூட்டம் என்று பாதி நாள் போய்விடுகிறது. பிள்ளையை வீட்டு வாசலில் போய்க் கூட்டி வருகிறவர், கை கழுவி விடுகிறவர், எந்தப் பிள்ளை சோற்றை ஒதுக்குகிறது என்று பார்க்கிறவர் ஆயா. அவர் கண்ணில் படுவது அட்டையில் ஏறவில்லை என்றால் நாம் எழுதுகிற எடைக்கு என்ன பொருள்?

அதனால் டீச்சர்களிடம் ஒன்று கேட்கிறேன். காலையில் பாய் விரிக்கும்போது ஐந்து நிமிடம், "இன்னைக்கு யாரு சரியில்ல?" என்று ஆயாவிடம் கேளுங்கள், அவர் சொல்வதை அவர் கண் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். தப்பு நடந்தால் கேட்கத்தான் வேண்டும், பிள்ளைகள் போன பிறகு, கதவைச் சாத்திக் கேளுங்கள். ஆயாக்களே, உங்களுக்கும் சொல்கிறேன், எத்தனை வருத்தம் இருந்தாலும் பிள்ளை விஷயத்தை மட்டும் மனசுக்குள் வைக்காதீர்கள்.

அப்புறம் நர்சம்மா. அவர் ஊருக்கு வரும் நாளில் மூன்று பேரும் சேர்ந்து நில்லுங்கள். தடுப்பூசிக்குப் பயந்து ஒளிகிற தாயை அழைத்து வரத் தெரிந்தவர் பெரும்பாலும் ஆயாதான்.

அந்த மையத்து இரண்டு பேரும் பெரிய சிநேகிதிகள் ஆகிவிடவில்லை. ஆனால் பேசிக்கொள்கிறார்கள். கடைசியாக நான் போனபோது, வாசலிலேயே ஆயா சொன்னார்: "அம்மா, அந்தக் கடைக்குட்டிக்கு ரெண்டு நாளா காதுல சீழ் வடியுது. டீச்சர்கிட்ட சொன்னேன், அவங்க அப்பவே நர்சம்மாவுக்குப் போன் போட்டுட்டாங்க."