21 இழை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியிலிருந்து வந்திருக்கிறேன். எழுதுவதைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் என் காலம் எழுதுவதில் போனதைவிட, பத்திரிகை ஆசிரியர் பதில் போடுவாரா என்று காத்துக் கிடந்ததில் போனதுதான் அதிகம்.

முன்பெல்லாம் கட்டுரையோடு, சொந்த விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறையும் வைத்து அனுப்ப வேண்டும். திரும்பி வந்தால் நம் கையெழுத்திலேயே வரும். தபால்காரர் திண்ணையில் வைத்துவிட்டு, "அண்ணே, உங்களுக்கு நீங்களே கடுதாசி போட்டிருக்கீங்க" என்பார். கையில் வாங்கினால் கனமாக இருக்கும், பிரிக்கவே வேண்டாம். இப்போது மின்னஞ்சல். கனம் பார்க்க வழியில்லை. பல தடவை எதுவுமே வருவதில்லை.

எங்கள் பக்கத்துப் பிள்ளையார் நோன்பு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஓர் இழையாகப் புதுக்கோடி வேட்டியில் நூலெடுத்து, 21 சேர்ந்ததும் திரியாக்கி, வெல்லம் பிசைந்த அரிசி மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். சுடாதா என்று கேட்பீர்கள். வாயை மூடினால் அணைந்துவிடும், அவ்வளவுதான். இதைப் பற்றி எழுதட்டுமா என்று ஒரு மாத இதழுக்குக் கேட்டு எழுதினேன். என்றைக்கு? கார்த்திகை தீபத்தன்று! அப்பத்தா முதல் இழையை உருவும்போதுதான் யோசனையே வந்தது. அப்பத்தா தினம் ஓர் இழை எடுப்பார். நான் தினம் நாலு தடவை மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பேன். நோன்பும் முடிந்தது. பொங்கல் கழித்துப் பதில் வந்தது: "நல்ல யோசனை. ஆனால் நோன்பு முடிந்துவிட்டதே?"

கோபம் வந்தது. யோசித்தால் தப்பு என்னுடையதுதான். மார்கழி இதழுக்கு அதற்குள் பக்கமெல்லாம் நிரம்பியிருக்கும். பண்டிகைக் கட்டுரையை மூன்று மாதம் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும்.

அதிலிருந்து எனக்கு 21தான் கணக்கு. அனுப்பிய நாளை நாட்காட்டியில் குறித்துவிடுவேன். 21 நாள் வாய் திறப்பதில்லை. மறுநாள் இரண்டே வரி: "இன்ன தேதியில் அனுப்பினேன், பார்த்தீர்களா?" அப்புறம் ஒரு வாரம். அப்போதும் சத்தமில்லையா, "வேறு இதழுக்கு அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு அனுப்புவேன். சொல்லிவிட்டு! சொல்லாமல் அனுப்பி இரண்டு பேரும் சரி என்றால், ஒரு பெண்ணை இரண்டு வீட்டுக்குப் பேசி முடித்த கதைதான்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. 'வேண்டாம்' என்பதும் பதில்தான் ஐயா, அதையாவது போடுங்கள்.

சன்மானத்தைப் பற்றி நிறையச் சொல்ல வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நண்பர் கையைக் காட்டுகிறார். சரி, ஒன்று மட்டும்: எவ்வளவு, எப்போது என்று எழுத உட்காருமுன்பே கேட்டுவிடுங்கள். அதற்குப் பதில் வரவும் 21 நாள் ஆகலாம். வணக்கம்.