அதைய ஆரு சாமி திம்பாங்க?

நடுவர் அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, மணி பத்தாகியும் பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊர்ச் சனங்களே, வணக்கம். 'பார்த்துப் போ, வேண்டாம் என்று எச்சரிக்கிறவர்கள் நமக்குத் துணையா, தடையா' என்பது தலைப்பு. நான் துணை என்ற அணி. எழுதி வந்த குறிப்பை மடித்து வைத்துவிட்டேன், ஏனென்றால் எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒன்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார், அதற்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

என்ன சொன்னார்? "ஆயிரம் பேர் வடம் பிடித்துத் தேர் இழுக்கிறார்கள், ஒருத்தன் மட்டும் முட்டுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு சக்கரத்துக்கிட்ட ஓடுறான், அக்கா அணி அந்த ஒருத்தன் அணி" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

தம்பி, தேர் ஓடும்போது சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நான் திருவாரூரில் பார்த்தேன். ஆழித்தேர், அலங்காரம் செய்தால் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை என்பார்கள். வடம் பிடிக்கிறவர்களுக்குத் தேர் முதுகுப் பக்கம் வருகிறது, அவர்கள் கண்ணுக்குக் கயிறும் முன்னால் போகிறவர் பிடரியும்தான் தெரியும். சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கிறவர் யார் என்றால் அந்தக் கட்டைக்காரர்தான். குனிந்தபடியே நடக்கிறார். ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கிய கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்துவிட்டுச் சட்டென்று கையை எடுக்கிறார். கை எடுக்க ஒரு நொடி தாமதித்தால் விரல் இருக்காது. சக்கரம் ஏறியதும் கட்டை முனகுகிறது, நார் நாராகப் பிரிகிறது, உடனே அடுத்த கட்டை. இப்போது அந்தத் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த பிரேக்கே இருக்கிறது. இருந்தும் கட்டைக்காரர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை, ஏன்? பிரேக் நிறுத்தத்தான் செய்யும். தேரை ஒதுக்கிவிட, வீட்டுத் திண்ணையில் மோதாமல் வளைக்க, வீதி முனையில் திருப்ப, எந்தச் சக்கரத்துக்கு எந்தச் சாய்வில் கட்டை கொடுப்பது என்று தெரிந்த ஆள் வேண்டும். ஆயிரம் பேரும் இழுத்தால் தேர் நேராகப் போகும், ஆனால் நான்கு வீதி சுற்றி நிலைக்கு வர வேண்டுமே! ஆமாம் தம்பி, எங்கள் அணி அந்த ஒருத்தன் அணிதான்.

(இப்போது தட்டுகிறீர்கள் பாருங்கள், இதுதான் கைத்தட்டு.)

இவர்களைத் திட்ட நம்மிடம் எத்தனை வார்த்தை! அபசகுனம், கரிநாக்கு, நல்ல வார்த்தையே வராத வாய், வாயைக் கழுவு, கிளம்பும்போதே எங்கே போறேன்னு கேட்காதே. அப்புறம் 'நடுவுல இது யாரு நந்தி மாதிரி' என்பது. நந்தி என்ன பாவம் செய்தது? திருப்புன்கூர் போய்ப் பாருங்கள், வெளியில் நின்று ஏங்கிய நந்தனாருக்காக விலகிய நந்தி இன்றைக்கும் ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் இருக்கிறது. உண்மையான தவிப்போடு நிற்கிறவனுக்கு அது விலகிக் கொடுக்கும். வள்ளுவர் இந்த ஆட்களுக்கு இடிப்பார் என்று பெயர் வைத்தார், அவர்கள் பக்கத்தில் இல்லாத அரசன் கெடுக்க ஆளே இல்லாவிட்டாலும் கெட்டுப்போவான் என்றார். குறளோடு நிறுத்திக்கொள்கிறேன், எனக்கு என் அப்பத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கோபி பக்கம் எங்கள் ஊர். 2011-இல் எங்கள் சித்தப்பா ஒரு நாள் சாயங்காலம் வழவழ நோட்டீசு ஒன்றோடு வந்தார், முகமெல்லாம் வெளிச்சம். ஈமு கோழி. ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, கொட்டகை போட்டுத் தருவார்கள், தீவனம் தருவார்கள், மாசம் ஆறாயிரம் கையில், வருசக் கடைசியில் போனஸ் தனி. அப்பத்தா திண்ணையில் காலை நீட்டி நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தொலியை ஊதித் தள்ளிவிட்டு ஒரே கேள்வி: "அதைய ஆரு சாமி திம்பாங்க?"

சித்தப்பா சிரித்தார். "அம்மா, இது திங்கறதுக்கு மட்டும் இல்ல. எண்ணெய் எடுக்கறாங்க, தோல்ல பை செய்யறாங்க, இறகு ஏற்றுமதி ஆவுது." அப்பத்தா எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. "செரி. கறிய ஆரு திம்பாங்க?"

மறுநாள் ஒரு முட்டையே கொண்டு வந்துவிட்டார். கரும்பச்சை நிறம், இரண்டு கையாலும் ஏந்த வேண்டிய அளவு, தொட்டால் சொரசொரவென்று இருந்தது. பிள்ளைகள் நாங்கள் சுற்றி நின்று ஒவ்வொருத்தராகத் தூக்கிப் பார்த்தோம். அப்பத்தா மடியில் வைத்துத் தடவிப் பார்த்தது, காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தது, நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னது. சித்தப்பாவுக்கு உயிர் வந்தது. முட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டது: "இதைய நம்ம சந்தையில ஆராச்சும் காசு குடுத்து வாங்கி நீ பாத்திருக்கியா கண்ணு?"

நடுவர் இன்னொரு தடவை கேட்கச் சொல்கிறார். கேட்கிறேன், ஆயிரம் தடவை கேட்கலாம், அவ்வளவு பெரிய கேள்வி அது. நோட்டீசில் கொட்டகை இருந்தது, தீவனம் இருந்தது, போனஸ் இருந்தது. வாங்கித் தின்கிறவன் மட்டும் இல்லை. பள்ளிக்கூடம் போகாத ஒரு கிழவி கடலை உரித்துக்கொண்டே அந்த ஓட்டையில் விரல் வைத்துவிட்டது. அந்த வியாபாரத்தில் விற்றது கறியும் இல்லை முட்டையும் இல்லை, குஞ்சைத்தான், அடுத்து வருகிற ஆளுக்கு. அடுத்த ஆள் வருகிற வரைக்கும்தான் ஆறாயிரம்.

பணம் புரட்ட வைக்க வேண்டிய பத்திரம் அப்பத்தா பேரில், அது கையெழுத்துப் போடவில்லை. சித்தப்பா நடு வாசலில் நின்று கத்தினார். "ஊரே முன்னுக்குப் போவுது, நீ எனக்குக் குறுக்க நிக்கற, உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" நான்கு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. அப்பத்தா நான்கு நாளும் அவர் தட்டில் சோறு போட்டு மூடி வைத்தது, ராத்திரி அதைத் தானே தண்ணீர் ஊற்றிக் காலையில் குடித்தது. ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லவில்லை.

2012-இல் என்ன நடந்தது என்று இந்த மேடையில் நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பெருந்துறை, கோபி, ஈரோடு, எங்கே பார்த்தாலும் பூட்டிய ஈமு கம்பெனி அலுவலகம், வாசலில் ரசீதோடு சனம். கம்பி வேலிக்குள் கோழிகள் பட்டினி கிடந்தன. நகையை வைத்துக் கட்டினவர்கள், மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததைக் கட்டினவர்கள், எங்கள் சொந்தத்திலேயே இரண்டு வீடு. அவர்கள் வீட்டில் எல்லோரும் உற்சாகமாக இருந்தார்கள் தம்பி. 'ஆரு திம்பாங்க' என்று கேட்க அங்கே ஒரு வாய் இல்லை.

சித்தப்பா அப்பத்தாவிடம் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை, எங்கள் பக்கம் ஆம்பிளைகள் அம்மாவிடம் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு நாள் சந்தையிலிருந்து வரும்போது ஒரு மூட்டை நிலக்கடலை கொண்டுவந்து திண்ணையில் இறக்கினார். அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து அவரும் உரித்தார். அவ்வளவுதான்.

அப்பத்தா போய் ஆறு வருசம் ஆகிறது. தடையா துணையா என்று நீங்கள் தீர்ப்பு சொல்லுங்கள் நடுவர் அவர்களே, எனக்கு இப்போது தீர்ப்புகூடப் பெரிதாகத் தெரியவில்லை. போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்குச் சித்தப்பா போன் செய்தார். பால் குளிரூட்டுகிற மெஷின் ஒன்று வாங்கப் போகிறாராம், கடன், வட்டி, எத்தனை மாடு, எத்தனை லிட்டர் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தார். நல்லாத்தான இருக்குதுங்க சித்தப்பா, வாங்குங்க என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "எல்லாரும் வாங்கு வாங்குங்கறாங்க கண்ணு. வேண்டாம்னு சொல்ல ஆளில்ல. அம்மா கேக்கற மாதிரி நீ ஒரு தடவ கேளு."

நான் கேட்டேன். "அதைய ஆரு சாமி குடிப்பாங்க?"

அறுபத்தி மூணு வயசு மனுசன், போனை வைக்காமலேயே அழுதார்.

வணக்கம்.