பால் மரத்து இலையில தேன்

வணக்கம் நேயர்களே. தேனீ வளர்ப்பு பத்திப் பேசச் சொல்லி கூப்பிட்டாங்க, வந்துட்டேன். நம்ம மலேசியாவுல பேராக்ல, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய எஸ்டேட்டு ஓரத்துல எனக்கு 14 தேனீப் பெட்டி இருக்கு, அதுபோக கெலுலூட், அதான் கொட்டாத சின்னத் தேனீ, அது குடியிருக்குற கட்டை ஆறு. அவ்வளவுதான். லோரி ஓட்டிக்கிட்டு இருந்தவன், முதுகு விட்டுப்போனதும் சும்மா உட்கார முடியாம ஆரம்பிச்சது இது, அதனால பெரிய பண்ணைக்காரங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா சிரிக்காதீங்க.

தேன் எங்கேருந்து வருதுன்னு கேட்டா சின்னப் பிள்ளையும் பூவுலேருந்துன்னு சொல்லும். ஆனா நான் எடுக்குற தேன்ல முக்கால்வாசி ரப்பர் இலையிலேருந்து வருது. நம்பலையா? தைப்பூசம் வந்து போற நேரத்துல பால் மரம் எல்லாம் இலையைக் கொட்டி மொட்டையா நிக்கும் பாருங்க, அப்புறம் செம்பு கலர்ல தளிர் விடும். ரப்பர் இலை மூணு மூணாத்தானே இருக்கும், அந்த மூணும் காம்புல சேர்ற இடத்துல சின்னச் சின்ன சுரப்பி இருக்கு, இலை முத்தாத வரைக்கும் அதுலேருந்து இனிப்பு நீர் ஊறும். நான் பிறந்ததே லயத்து வீட்டுல, அப்பா அம்மா ரெண்டு பேரும் பால் வெட்டினவங்க, ஆனா அந்த மரத்து இலையில தேன் இருக்குன்னு எனக்கு அம்பது வயசுக்கு மேலதான் தெரியும்! கன்னியாகுமரிப் பக்கம் மார்த்தாண்டத்துல இந்த ரப்பர் தேனை வச்சே எத்தனையோ குடும்பம் பிழைக்குது. நமக்கு 1877லேயே கோலா கங்சாருக்கு ரப்பர் கன்னு வந்தாச்சு, அந்தக் காலத்து மரம் ஒண்ணு இன்னும் அங்க நிக்குது. தளிர் விடுற நேரமாப் பாத்து மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு போய், அதுல தேனீ மொய்க்குதான்னு அண்ணாந்து பாத்தேன். கழுத்துதான் வலிச்சது, ஒண்ணும் தெரியல, அவ்வளவு உயரம்.

சரி, வேலைக்கு வரேன். நான் வளர்க்கிறது நம்ம ஊர் அடுக்குத் தேனீ, பொந்துல வரிசை வரிசையா அடை கட்டும்ல, அது. காசு கொடுத்து வாங்கினது கிடையாது. தாமான் குடியிருப்புல யார் வீட்டு மீட்டர் பெட்டியிலயாவது கூடு கட்டியிருந்தா போம்பாவுக்கு, அதான் தீயணைப்புக்காரங்களுக்கு, போன் அடிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணுவாங்க. புழு இருக்குற அடையைப் பதமா அறுத்து, மரச்சட்டத்துல வச்சு வாழைநார்ல கட்டணும், ரெண்டு நாள்ல அதுங்களே மெழுகு வச்சு ஒட்டிக்கும், நாரையும் கடிச்சு வெளிய தள்ளிடும். ராணி கிடைச்சா பாதி வேலை முடிஞ்சது, அவளைப் பெட்டிக்குள்ள விட்டா மத்ததெல்லாம் பின்னாடியே வரும்.

பெட்டிக் கால் நாலையும் கறுப்பு எண்ணெய் ஊத்தின டின்னுல வைக்கணும், இல்லாட்டி எறும்பு ஒரே ராத்திரியில காலி பண்ணிடும். வாரம் பத்து நாளைக்கு ஒரு தடவை திறந்து பாப்பேன், அதுக்கு மேல திறந்தா அதுங்களுக்குப் பிடிக்காது. காய்ஞ்ச தேங்காய் மட்டையை டின்னுல போட்டு லேசா புகை, அவ்வளவுதான், கொசுவுக்குப் போடுற மாதிரி போடக்கூடாது. நான் தேடுறது ராணியை இல்ல, முட்டையை. அடையில இருக்குற சின்னச் சின்ன அறைக்குள்ள, குருணை மாதிரி வெள்ளையா அறைக்கு ஒண்ணு நின்னா ராணி நேத்தும் இருந்தா, இன்னிக்கும் இருப்பா. ஒரே அறையில ரெண்டு மூணு முட்டை தாறுமாறா கிடந்தா ராணி போயிட்டா, வேலைக்காரத் தேனீயே முட்டை வைக்குதுன்னு அர்த்தம். அந்தக் கூட்டம் தேறுறது கஷ்டம். அடையில நூலாம்படை மாதிரி தெரிஞ்சா அது மெழுகுப் பூச்சி, காலி அடையை உடனே எடுத்திடணும், நான் சோம்பல் பட்ட ரெண்டு தடவையும் பெட்டி போச்சு.

இந்த ஜாதித் தேனீக்கு ஒரு குணம், மனசு கசந்தா சொல்லாம கொள்ளாம கிளம்பிடும். முதல் வருஷம் எனக்கு ஆசை, பெட்டியோட கீழ் அறையில அதுங்களுக்கு இருந்த தேனையும் சேர்த்து எடுத்துட்டேன். ரெண்டு வாரம்கூட ஆகல, ஒரு காலையில போய்ப் பாத்தா பெட்டி வெறும் பெட்டி. சண்டை போட்டுட்டுப் போயிருந்தாகூடப் பரவால்ல. அன்னியிலேருந்து மேல் அறைத் தேன் எனக்கு, கீழ் அறை அதுங்களுக்கு.

நவம்பர் டிசம்பர் மழையில ஒண்ணும் கிடைக்காது, அப்போ சீனியும் தண்ணியும் சரிபாதி கரைச்சு வைப்பேன். ஆனா மேல் அறை ஏத்தினதும் நிறுத்திடுவேன், அதுக்கப்புறமும் சீனி ஊத்தினா அது தேன் இல்ல, நான் விக்கிறது சீனிப்பாகு.

தேன் எடுக்குறது மார்ச் ஏப்ரல்ல. அடையில முக்கால்வாசிக்கு மேல மெழுகு மூடி போட்டிருக்கணும். மூடாத தேன்ல தண்ணி ஜாஸ்தி, நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு அது புளிச்சுப் போய் போத்தல் மூடியைத் தூக்கி அடிக்கும். அதனால மழை நாள்ல எடுக்கவே மாட்டேன். வெந்நீர்ல நனைச்சு துடைச்ச கத்தியால மூடியைச் சீவி, கையால சுத்துற மெஷின்ல போட்டு நிதானமா சுத்தினா தேன் சுவத்துல அடிச்சு வழியும், அடை உடையாது, திரும்பக் கொண்டுபோய் வச்சா அதுங்க கட்டுற வேலை மிச்சம். துணியில வடிச்சு ரெண்டு நாள் விட்டா நுரை மேல வந்துடும். காய்ச்சுறது எல்லாம் கிடையாது.

ரப்பர் தேன் சீக்கிரம் உறைஞ்சிடும். ஒரு அக்கா போத்தலைத் தூக்கிக்கிட்டு வந்து, "என்ன தம்பி, சீனியைக் கலந்துட்டியா"ன்னு பாசார்ல எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்க. வெதுவெதுப்பான தண்ணியில போத்தலை வச்சு இளக்கிக் காட்டினேன், பாதிதான் நம்பினாங்க. தண்ணியில சொட்டு விடுறது, தீக்குச்சி பத்தவைக்கிறது, எறும்பு வருதான்னு பாக்குறது, இதுல ஒண்ணுலயும் நல்ல தேனைக் கண்டுபிடிக்க முடியாது லா. இன்னொண்ணு, ஒரு வயசு ஆகாத பிள்ளைக்கு தேன் நாக்குல தடவவே கூடாது, பாட்டி சொன்னாலும் கூடாது, அதுல இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைப்பிள்ளை உயிருக்கே ஆபத்து.

இப்ப என் கவலை வேற. சுத்தி எல்லாம் செம்பனை, அதான் எண்ணெய்ப் பனை, ஆயிடுச்சு. செம்பனைப் பூவுல மகரந்தத் தூள் இருக்கு, தேனீ எடுக்கும், ஆனா தேன் கிடையாது, சோறு இருக்கு குழம்பு இல்லைங்குற கதை. அந்த மரத்துக்கு தேனீ தேவையும் இல்ல, 1981ல கேமரூன்லேருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டாங்க, அதுதான் இன்னிக்கும் மகரந்தம் சேர்க்குது. அதுக்கு முன்னாடி கையால தூள் ஊதணும், எங்கம்மாகூட அந்த வேலைக்குப் போயிருக்காங்க.

எங்க பெட்டிக்குப் பக்கத்துல ஒரு மாமாவோட 12 ஏக்கர் ரப்பர்தான் மிச்சம். மரத்துக்கு வயசாயிடுச்சு, அடுத்த வருஷம் வெட்டிட்டு செம்பனை போடலாமான்னு மகன்கிட்ட பேசிக்கிட்டு இருக்கார். வருஷா வருஷம் ரெண்டு போத்தல் அவருக்குத்தான் முதல்ல போகும், இந்த வருஷம் நாலு கொடுக்கலாம்னு இருக்கேன். வேலியோரம் நான் ஆயர் மாத்தா பெங்காந்தின் கொடி நட்டு வச்சிருக்கேன், ரோஸ் கலர்ல பூத்துக்கிட்டே இருக்கும், கெலுலூட்டுக்குப் போதும், 14 பெட்டிக்கு எங்க போதும். நேத்து பாத்தேன், மாமா தோட்டத்துல இலை மஞ்சள் அடிச்சு கொட்ட ஆரம்பிச்சிருக்கு. மேல் அறைச் சட்டம் எல்லாம் இன்னும் கழுவிக் காயவைக்கல, வீட்டுக்குப் போய் அதைப் பாக்கணும். வரேங்க.