ஒரு தாள், ஒரு பீரியட், ஓர் ஆசிரியர்

அவையில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் நான் கேட்க வந்திருப்பது ஒன்றுதான். பள்ளிப் பிள்ளைகளுக்காக நீங்கள் தயாரித்த பொறியியல் பாடம் ஏதாவது உங்கள் கணினியில் கிடந்தால், அதை ஓர் இலவச இணைய நூலகத்தில் ஏற்றுங்கள். ஏற்றுவதற்கு முன்னால், உங்களை ஒருமுறைகூடப் பார்த்திராத ஓர் ஆசிரியர் எடுத்து நடத்தும்படி அதைத் திருத்தி எழுதுங்கள். ஏற்றுவது சின்ன வேலை. திருத்தி எழுதுவதில்தான் உழைப்பு இருக்கிறது. அதனால் அதைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன்.

பள்ளியில் அறிவியல் நடத்துகிறவர் இயற்பியலோ வேதியியலோ உயிரியலோ படித்துவிட்டு வந்திருப்பார். பாடநூல் சோதனை என்றால் அவருக்குப் பயமில்லை, விடை முன்பே தெரியும். பொறியியல் பாடத்தில் அப்படி ஒற்றை விடை கிடையாது. இவ்வளவு பொருள், இவ்வளவு நேரம், அதற்குள் வேலை செய்கிற ஒன்றைச் செய் என்கிறோம். பத்துக் குழுக்கள் பத்து விதமாகச் செய்துகொண்டு வந்து நிற்கும். எது சரி, எதற்கு எவ்வளவு மதிப்பெண், ஏன் இது நின்றது, ஏன் அது விழுந்தது? ஆசிரியர் தயங்குவது இந்த இடத்தில்தான். அந்தத் தயக்கத்தைப் போக்காத பாடக்குறிப்பு நூலகத்தில் இருந்தும் பயனில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். சாதாரண ஏ4 தாள், 80 ஜிஎஸ்எம் (அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம்) என்றால் எடை ஏறத்தாழ 5 கிராம். அதை உருளையாகச் சுருட்டி டேப் ஒட்டி நிமிர்த்தி வைத்தால், மேலே அடுக்கும் புத்தகங்களைச் சில கிலோ வரை தாங்கும். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அதே தாளை முக்கோணமாகவோ சதுரமாகவோ மடித்தால் பெரும்பாலும் சீக்கிரமே சரிந்துவிடும். தட்டையான பக்கங்கள் முதலில் நெளிந்து கொடுக்கும், பாரமெல்லாம் மூலைகளுக்குப் போய்ச் சேரும். உருளையில் தட்டையான பக்கமே இல்லை. பாரம் சுற்றிலும் சமமாகப் பரவுகிறது.

இதை ஒரு பொறியாளர் எழுதினால், ‘தாளில் தூண் செய்து சுமை ஏற்றிச் சோதிக்கவும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அவருக்கு அது போதும். வகுப்பில் நிற்பவருக்குப் போதாது. புத்தகத்துக்கும் தூணுக்கும் நடுவே கெட்டியான அட்டை ஒன்று வைக்க வேண்டும். இல்லையென்றால் புத்தகம் ஒரு பக்கம் சாய்ந்து அந்த ஓரத்தை மட்டும் நசுக்கிவிடும். இணைப்பு ஓரம் முழுவதும் டேப் ஒட்ட வேண்டும், நடுவில் மட்டும் ஒட்டினால் மேலும் கீழும் விரிந்துவிடும். எல்லாக் குழுக்களுக்கும் அதே புத்தகங்கள், அவற்றின் எடையை முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். மேசையில் வேண்டாம், தரையில் வைத்துச் செய்யுங்கள், புத்தகம் காலில் விழாது. பொறியாளருக்குச் சில்லறை விஷயங்களாகத் தோன்றும் இவைதான் பாடத்தை நடத்த வைப்பவை.

அப்புறம் நேரம். முதல் தூணைச் செய்து சோதித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஆனால் பொறியியல் இரண்டாவது தூணில்தான் இருக்கிறது. எந்த இடத்தில் நசுங்கியது என்று உற்றுப் பார்த்து, ஒன்றை மாற்றி, மறுபடி நிறுத்திப் பார்க்க வேண்டும். இரண்டாவது முயற்சிக்கு இடம் தராத பாடத்தை நான் பொறியியல் பாடம் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். இரண்டு பீரியட் வேண்டுமென்றால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எதை விடலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

எப்படியும் ஒரு பிள்ளை கேட்கும்: தூணை இன்னும் உயரமாகச் செய்தால்? கணித மேதை ஆய்லர் 1744-லேயே இதைக் கணக்கிட்டுவிட்டார். ஒல்லியான நீண்ட தூணின் உயரத்தை இரட்டிப்பாக்கினால், அது வளைந்து சரியாமல் தாங்கும் சுமை நான்கில் ஒன்றாகிவிடும். குட்டையான அகலத் தூண் அப்படி வளைந்து விழாது, அதன் சுவர்தான் நசுங்கும். இந்த மூன்று வரி குறிப்பில் இருந்தால் ஆசிரியர் அந்தக் கேள்வியைத் தைரியமாக எதிர்கொள்வார்.

அமெரிக்காவில் டீச் எஞ்சினியரிங் என்ற இணைய நூலகம் இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகம் அதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதி உதவி செய்திருக்கிறது. அங்கே ஒரு செயல்பாட்டைத் திறந்தால் எந்த வகுப்புக்கு, எவ்வளவு நேரம், குழுவில் எத்தனை பேர், ஒரு குழுவுக்கான செலவு என்ன என்பதெல்லாம் தொடக்கத்திலேயே வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்தது, சிக்கல் வந்தால் என்ன செய்வது என்று சொல்கிற பகுதி. யாரோ வகுப்பில் நின்று நடத்திப் பார்த்திருக்கிறார்கள் என்பது அதைப் படித்தாலே தெரியும். பாடங்கள் கற்றல் தரநிலைகளோடும், அதாவது எந்த வகுப்பில் எதைக் கற்க வேண்டும் என்ற வரையறைகளோடும், இணைக்கப்பட்டிருக்கின்றன. அந்நாட்டில் 2013-இல் வந்த அறிவியல் தரநிலைகள் பொறியியல் வடிவமைப்பையும் அறிவியலோடு சேர்த்தே வைத்தன. இந்த பீரியடை ஏன் இதற்குச் செலவிட்டீர்கள் என்று தலைமை ஆசிரியர் கேட்டால், காட்டுவதற்கு ஒரு வரி கையில் இருக்கும்.

சரி, உரிமத்துக்கு வருவோம். இலவசமாகப் பார்க்கலாம் என்பது மட்டும் போதாது. 2019-இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட பரிந்துரை, திறந்த கல்வி வளங்கள் என்றால் கட்டணமில்லாமல் எடுக்கவும், மாற்றவும், மறுபடி பகிரவும் முடிய வேண்டும் என்கிறது. தன் படைப்பை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டிச் சொல்லிவிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் இருக்கின்றன. அவற்றில் மாற்றக் கூடாது என்ற நிபந்தனை உள்ளதைத் தயவுசெய்து தேர்ந்தெடுக்காதீர்கள். அதைப் போட்டால் உங்கள் பாடத்தை இன்னொரு மொழியில் எழுதிக்கூட யாரும் வெளியிட முடியாது. உங்கள் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமமே நல்லது. கோப்பை பிடிஎஃப் ஆக மட்டும் வைக்காமல், திருத்தக்கூடிய வடிவிலும் வையுங்கள். படங்களில் நசுங்கிப் போன தூணும் இருக்கட்டும், அதைப் பார்த்துத்தான் ஆசிரியர் அதிகம் கற்பார். பிள்ளைகளின் முகம் மட்டும் வேண்டாம்.

ஏற்றியதோடு பாடத்தை மறந்துவிடாதீர்கள். எங்கோ ஓர் ஆசிரியர் எழுதுவார்: ஏ4 தாள் கிடைக்கவில்லை, செய்தித்தாளில் செய்தோம், முதல் புத்தகத்துக்கே உட்கார்ந்துவிட்டது என்று. உடனே நீங்களும் ஒரு செய்தித்தாளைச் சுருட்டிப் பாருங்கள். எத்தனை அடுக்கு போட்டால் நிற்கிறது என்று கண்டுபிடித்து, அதைப் பொருள் பட்டியலில் சேருங்கள். குறிப்பின் தலைப்புக்குக் கீழே திருத்திய தேதியைப் போட்டு, அவருக்கும் ஒரு வரி பதில் எழுதிவிடுங்கள்.